யோகேஸ்வரன் தைத்த வள்ளம்

பெப்ரவரி 8: வள்ளத்தின் வரைபடம், 95 டொலர்.
பெப்ரவரி 22: ஒட்டுப்பலகை ஐந்து, 430 டொலர்.
மார்ச் 1: செப்புக் கம்பி ஒரு சுருள், 38 டொலர்.
மார்ச் 2: சோக்குக்கட்டி ஒரு பெட்டி. கடையிலேயே இருந்தது, செலவில்லை.

யோகேஸ்வரன் ஒட்டுப்பலகையின் மேல் குனிந்து நிற்கிறார். வாயில் மூன்று குண்டூசிகள். மரத்தில் குண்டூசி இறங்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஹோம்புஷில் சொந்தத் தையற்கடையில் இருபத்தாறு வருடமாகச் சாறி பிளவுஸ் தைத்தவர். வாயில் ஊசி இல்லாமல் எதையும் வெட்ட அவருக்குக் கை வராது.

வயது அறுபத்திரண்டு. நீந்தத் தெரியாது. வள்ள ஆசை வந்ததற்கு அந்த வரைபடமே காரணம். அதில் வள்ளம் ஐந்து துண்டாகப் பிரித்துக் கிடந்தது, வெட்டு மேசையில் பரப்பிய பிளவுஸ் போல. ஓரங்களில் துளை போட்டுக் கம்பியால் இணைத்து, கடைசியில் பசை பூச வேண்டுமாம். "இது என்ர தொழில்தானே" என்றார் மனைவி நாகபூசணியிடம். அவர், "அப்ப கொக்கி எங்க வைக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

வரைபடம் புதியவர்களைக் குழப்பக்கூடியது. நடுவே ஒரு கோடு. அளவுகள் எல்லாம் அதற்கு ஒரு பக்கம் மட்டுமே. பக்கத்து வீட்டு ஸ்ரீகாந்த், சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை, அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "பாதி படகுதான் இருக்கு அங்கிள். மீதிக்கு தனியா காசு கேப்பாங்களோ?"

"மடிச்சு வெட்டிறது, தம்பி. ஒரு பக்கம் அளந்தாக் காணும், மற்றது தானா வரும்."

அதுவரை எல்லாம் சரி. வள்ளத்தின் நடுப்பகுதியை அவர் 'இடுப்பு' என்றார், முன்பகுதியை 'கழுத்து' என்றார். அதனாலும் கெடுதல் இல்லை. ஆனால் வரைபடக் கோட்டைச் சோக்கால் வரைந்தபின், அதற்கு வெளியே சுற்றிவர ஒரு இஞ்ச் தள்ளி இன்னொரு கோடு போட்டு, வெளிக்கோட்டில் மரம் அறுக்கும் வாளை வைத்தார்.

"பிளான்ல அப்படி போடலையே அங்கிள்" என்றார் ஸ்ரீகாந்த்.

"உங்கட மனிசின்ர பிளவுஸிலயும் எழுதியிருக்கேல்லை. உள்ளுக்குத் துணி விட்டபடியால்தான் ரெண்டு தரம் விரிச்சுக் குடுத்தனான்."

ஸ்ரீகாந்த் வாசற்பக்கம் பார்த்தார். "மெதுவா பேசுங்க அங்கிள். அவ காதுல விழுந்தா நான்தான் சொன்னேன்னு ஆயிடும்."

வாள் நகர்ந்தது. ஐந்து துண்டிலும் சுற்றிவர ஒரு இஞ்ச் கூடியது.

லிட்கமில் அவர்கள் இருப்பது வாடகை வீடு. ஓகஸ்ட் 18 அன்று வீட்டு முகவரிடமிருந்து கடிதம் வந்தது: பின்வளவில் அனுமதியில்லாத கட்டடம் ஒன்று காணப்படுகிறது, 29ஆம் திகதிப் பார்வையிடலுக்குமுன் அகற்றாவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. முன்பக்கத்தில் டிரெய்லரில் ஏற்றி நிறுத்தினால் அது வாகனம், ஆட்சேபணை இல்லை.

"கட்டடமாம்" என்றார் யோகேஸ்வரன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"சிரியாதேங்கோ. இந்த வீடு போனா வேற வீடு ஆர் தருவினம்? ஒவ்வொரு வீட்டு வாசலிலயும் அம்பது பேர் வரிசையில நிக்கினம்." நாகபூசணி கடிதத்தை அவர் கையிலிருந்து பறித்தார்.

வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் இடையிலான வழி 1260 மில்லிமீற்றர். வரைபடத்தின்படி வள்ளத்தின் அகலம் 1220. வழியை அளந்துதான் அந்த வரைபடத்தையே வாங்கினார். 28ஆம் திகதி பின்னேரம், கம்பி கட்டி, பசை இன்னும் பூசாத வள்ளத்தை ஆளுக்கொரு முனையாய்ப் பிடித்து அவரும் ஸ்ரீகாந்தும் தூக்கினார்கள். கழுத்து போனது. இடுப்பு போகவில்லை. சுவரும் வேலியும் வள்ளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. குப்பைத் தொட்டிகள் மூன்றும் உள்ளே அகப்பட்டன. விடிந்தால் குப்பை லொறி வரும் நாள்.

நாகபூசணி குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார். "தண்ணியைக் காண முதலே கரை தட்டீட்டுது."

அளவு நாடா 1310 காட்டியது. யோகேஸ்வரன் பலகையில் மங்கலாகத் தெரிந்த உள்கோட்டை விரலால் தடவினார்.

"ஒண்டும் பிழைக்கேல்லை, தம்பி. இறுக்கமெண்டாத்தான் கரைச்சல். லூசெண்டாப் பிடிச்சுத் தைக்கலாம்."

வள்ளத்தைப் பின்னுக்கு இழுத்துக் கம்பிகளைப் பிரித்து, ஒவ்வொரு பலகையையும் உள்கோட்டில் அறுத்து, புதுத் துளை போட்டு மறுபடி கட்டினார்கள். நாகபூசணி கைவிளக்குப் பிடித்தார். ஒவ்வொரு முடிச்சுக்கும் "இறுக்கிக் கட்டுங்கோ" என்றார். விடியற்புறம் வள்ளம் 1220இல் நின்றது. பக்கத்துக்கு ஒரு விரல் இடம் விட்டு, வழியால் வெளியே வந்து டிரெய்லரில் ஏறியது. குப்பைத் தொட்டிகள் பின்னால் ஊர்வலம் வந்தன.

முகவர் வந்தார், டிரெய்லரில் நின்ற வள்ளத்தைச் சுற்றி நடந்தார், படம் எடுத்துக்கொண்டு போனார்.

பிறகு ஒரு நாள், யோகேஸ்வரன் பசை பூசி முடித்த வள்ளத்துக்குள் குந்தியிருந்து பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தபாற்காரர் நீட்டிய வீட்டு முகவரின் கடிதத்தை நாகபூசணி வாங்கினார். இன்னும் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம். நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். கணவரிடம் கொடுக்கவில்லை. செருப்பிரண்டையும் கழற்றி, டிரெய்லர்ச் சில்லுக்குப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு, சாறியைச் சற்றுத் தூக்கிப் பிடித்து வள்ளத்துக்குள் கால் வைத்தார். அந்தக் கடிதம் வந்தது செப்டெம்பர் 9, செவ்வாய்க்கிழமை.