பாட்டுக்குப் பின்னால் ஒரு கேள்வி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், அவர் தேவாரம் பாடி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த குரல்பதிவைப் போட நினைத்தோம். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்த வாடகை ஒலிபெருக்கி அந்தக் கோப்பை ஏற்கவில்லை. எம்பி3யாக மாற்ற, கைப்பேசியிலேயே ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பதிவை ஏற்றினேன்.

திரையில் அவர் குரல் மேடும் பள்ளமுமாக விரிந்தது. பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால் நீளமாக ஒரு வெறும் கோடு. அதன் கடைசியில் சின்னதாக ஒரு மேடு. பாட்டு முடிந்ததுமே நிறுத்திவிடுவது என் வழக்கம். அங்கே நான் போனதே இல்லை.

“பின்னாடி ஒண்ணுமில்லக்கா, கட் பண்ணிடு லா,” என்றான் தம்பி.

எனக்கு மனம் வரவில்லை. முழுசாகவே மாற்றிக் கொடுத்தேன்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் எழத் தொடங்கியபோது, ஒலிபெருக்கியிலிருந்து அப்பா கேட்டார்: “நல்லா இருந்துச்சாம்மா?”

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அம்மாதான், உட்கார்ந்த இடத்திலிருந்தே, “நல்லா இருந்துச்சுங்க” என்றாள்.

அப்பா கேட்டது என்னிடம். இப்போதும் அந்தப் பதிவைப் போட்டால், பாட்டு முடிந்த நொடியிலேயே நிறுத்திவிடுகிறேன்.