நாய்க்குப் பொரித்த மீன்

எங்கள் அப்பா ஓய்வு என்று ஒரு நாளும் உட்கார்ந்தவரில்லை. வடசேரிச் சந்தையில் காய்கறி வியாபாரம். பண்டிகைக்கே பாதி நாள்தான் கடையை அடைப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, “சட்டி பானையெல்லாம் எடுத்து மூட்டையாக் கெட்டு. கடலோரத்தில கூட்டாளிக்க தென்னை விளையில நாலு நாள் இருந்துட்டு வருவோம். நாமளே பொங்கித் தின்னலாம்” என்று அம்மாவிடம் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடம் நடக்கிறதே என்று கேட்குமளவுக்கு நான் அசடில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

காரணம் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கமெல்லாம் மலையாள ராஜ்யத்தை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. மாமா தக்கலையில் ஒரு கூட்டத்தில் மேடையேறித் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருந்தார். போலீஸ் தேடியது. கையில் கிடைத்தால் தம்பியின் எலும்பு மிஞ்சாது என்று அம்மா நடுங்கினாள். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்று என்னிடம் சொன்னது வேறு. மாமாவுக்குச் சொறியாம், ஒட்டிக்கொள்ளுமாம். அதனால்தான் விளை வீட்டுக்குப் பின்னால், தேங்காய் போட்டுவைக்கும் புரையில் தனியாகப் படுத்திருக்கிறாராம்.

“வெளிய சொல்லிராதட்டி. பெறவு அவனுக்கு ஒருத்தனும் பொண்ணு தரமாட்டான்” என்றாள் அம்மா. மாமா கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுப்பதாக ஏற்கெனவே பேச்சு இருந்தது. நான் வாயைத் தைத்துக்கொண்டேன்.

இரணியலைத் தாண்டி, தென்னையும் மரச்சீனியுமாக நின்ற அந்த விளையைப் போல ஓர் இடத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மணல், மணலுக்கு அந்தப் பக்கம் கடல். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி, தேங்காய்த் தொண்டும் தென்னை மட்டையும் எரித்துச் சமையல். மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கி மண்ணைக் கழுவி அப்படியே பானையில் போடுவோம். கரையிலிருந்து ஓலைக் கடவத்தில் மீன் சுமந்து வரும் அக்காமார் வேலியருகிலேயே சாளையை இறக்கிக் கொடுப்பார்கள். அப்பா தேங்காய் துருவினார்! அந்த அதிசயத்தைப் பார்க்கவே நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. அம்மா மட்டும் ஒரு தேங்காய் விழுந்தால்கூடத் திடுக்கிட்டு வேலியைப் பார்த்தாள். இவ்வளவு நல்ல இடத்துக்கு வந்தும் இப்படி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவும் நானும் இலையில் உட்கார்ந்துவிட்டோம். மாமாவுக்கு ஒரு தட்டில் சோற்றைக் குவித்து, மேலே பொரித்த சாளையும் பப்படமும் வைத்து, அம்மா புரையைப் பார்த்து நடந்தாள். அந்த நேரம் பார்த்து, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். மலையாளம் கலந்த பேச்சு.

“இது ஆருக்கு?”

அம்மா தட்டோடு ஓர் அடி பின்னால் போனாள். அப்பா சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். எனக்குப் பட்டுப் பாவாடை கண்முன் வந்தது.

“நாய்க்கு” என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். “நாய்க்குப் பப்படமும் உண்டோ மக்களே?”

“எங்க நாய் பப்படம் இல்லாம திங்காது.”

புரைக்குள்ளிருந்து பெரிதாக ஒரு தும்மல் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“நாய்க்குச் சளி பிடிச்சிருக்கு” என்றேன்.

போலீஸ்காரர் புரைக் கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, “நல்ல பசி. எனக்கு ஒரு இலை போடுங்கம்மா” என்று அப்பாவின் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தட்டிலிருந்த சோற்றை அவர் இலையில் தள்ளினாள். பாதியில் அவர் கையை நீட்டி மறித்தார்.

“மதி, இவ்வளவு போதும். மீனும் வேண்டாம், நாய்க்கு இருக்கட்டும்.”

தலை நிமிராமல் தின்றார். கை கழுவும்போது அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்: “நாளைக்குக் காலம்பற பெரிய சார் ஆளோட வாறாரு. நாய இங்க வச்சிருக்காண்டாம்.”

அப்பா காய்ந்த சோற்றுக் கையோடே அவரைக் கும்பிட்டார். எச்சில் கையால் கும்பிட்டதற்கு என்னை என்றால் மொத்தியிருப்பார். சைக்கிள் வேலியைத் தாண்டியதும் அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். “என் பொன்னு மக்கா” என்று என்னைக் கட்டிக்கொண்டு மூச்சு முட்ட வைத்தாள். அப்பாடா என்று அப்பா விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

அன்று சாயங்காலம் தேங்காய் ஏற்றிப் போன வண்டியில் மாமாவும் போனார். மறுநாள் வந்தவர்கள் புரையில் தேங்காய்த் தொண்டுக் குவியலைத்தான் கிளறிப் பார்த்தார்கள். மாமா கடைசிவரை அகப்படவில்லை. மிச்ச நாளெல்லாம் அம்மா என்னோடு கடலில் கால் நனைத்தாள். அவள் வைத்த மீன்குழம்புக்கே தனி ருசி வந்துவிட்டது.

எனக்குத்தான் பெருமை பிடிபடவில்லை. “போலீசுன்னா பெரிய புத்திசாலின்னு சொன்னியளே! இல்லாத நாய இருக்குன்னு நம்பிட்டுப் போறாரே, சரியான மண்டு” என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா சிரிக்கவில்லை. “அவர அப்படிச் சொல்லப்படாது மக்கா” என்றார்.

ஏன் சொல்லக் கூடாது என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு போலீஸ்காரரை ஒற்றை ஆளாக ஏமாற்றியவள் நான் என்று வெகு காலம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.