ஓடும் கல்லில் கால் பட்டால்

பெண்களுக்கான தேசிய கர்லிங் சாம்பியன்ஷிப்புக்குத் தமிழ்நாட்டின் சார்பில் போகும் நால்வரும் தென்காசிப் பக்கத்துக்காரர்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி எழுதினேன். மாநிலத்தில் வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் எழுதியிருந்தேன். துணை ஆசிரியர் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு, "ஐஸ் எங்கே?" என்று மட்டும் கேட்டார். கர்லிங் ஐஸ் மேல் ஆடும் ஆட்டம்; குளிர்பானக் கடையிலும் மீன் பெட்டியிலும் தவிர, நால்வரில் யாரும் ஐஸைப் பார்த்ததில்லை.

அணித்தலைவி, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் மகள். போலீஸ் வேலைக்கு இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. வயது வரம்பு அந்த ஆண்டோடு முடிகிறது. தேசியப் போட்டி ஒன்றில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வழி இருந்தது. கபடிக்கு எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு அணி உண்டு. ஆள் இல்லாத விளையாட்டாக அவள் தேடிப் பிடித்தது இது. கூடப் படித்த இருவரைச் சேர்த்தாள். நான்காவது ஆள் கிடைக்காததால் அண்ணன் மனைவியைச் சேர்த்தாள். மதினிக்கு நன்றாகப் பெருக்க வரும் என்பதுதான் தகுதி.

அது உண்மையிலேயே தகுதிதான். இந்த ஆட்டத்தில், ஏறக்குறைய இருபது கிலோ எடையுள்ள வழவழப்பான கல்லை ஐஸ் மேல் தள்ளிவிட வேண்டும். தூரத்தில் வரைந்த வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் ஓடும்போது அதன் முன்னால் இரண்டு பேர் துடைப்பம் போன்ற பிரஷ்ஷால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

இதையெல்லாம் விதிப் புத்தகத்திலிருந்து தமிழில் எழுதிக் கொடுத்தது நான். அதில் ஒரு விதி: ஓடும் கல்லில் தேய்ப்பவரின் காலோ கையோ பிரஷ்ஷோ படக்கூடாது. பட்டால், பட்டவரே ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கல்லை விட்டுவைப்பதா எடுத்துவிடுவதா என்பதை எதிரணி முடிவு செய்யும்.

பயிற்சி குற்றாலத்தில் நடந்தது. சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜின் கிரானைட் வராந்தா அவர்களுக்குக் கிடைத்தது. பத்து லிட்டர் பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கலவையை நிரப்பி, அடியில் எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒட்டினார்கள். கல் தயார். தரையில் சோப்புத் தண்ணீர். கையில் மாப்பு. மூன்றாம் நாள் லாட்ஜ் மேனேஜர் வந்து பார்த்தார்.

"நல்லா வெளையாடுதிய. நாளைக்கு மாடியிலயும் ஒரு ஆட்டம் வெளையாடிட்டுப் போங்க."

வடக்கே மலையூர் ஒன்றில் போட்டி. போய்ச் சேர்ந்ததும் தலைவி எனக்கு அனுப்பிய செய்தி: "சார், இங்கன உள்ள கல்லு நிக்கவே மாட்டேங்கு." இருந்தும் அவர்கள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் வரை வந்துவிட்டார்கள். வந்திருந்த அணிகள் அதிகமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆட்டத்தைச் செல்போனில் நேரடியாகக் காட்டினார்கள். ஏலம் முடிந்த காலை நேரம். அண்ணாச்சி கடையின் எடைத் தராசு மேல் போனைச் சாய்த்து வைத்தேன். லோடுமேன் ஒருவர் எட்டிப் பார்க்க வந்தபோது அவர் கால் தராசில் இடித்தது. குனிந்து தராசைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டே கேட்டார்:

"கல்லு எத்தன கிலோ சார்?"

"இருபது."

"அதத் தள்ளுததுக்கு நாலு பேரா? நான் அறுவது கிலோ மூட்டைய ஒத்தைல தூக்குதேன். எனக்கு ஒரு கப்பு குடுக்கச் சொல்லுங்க."

"ஏலே, செத்த சும்மா இரி," என்றார் அண்ணாச்சி. "என் மருமவ வீட்டுல இம்புட்டு வேகமாப் பெருக்கி நான் பாத்ததில்ல."

இரு அணிகளும் சமம். எங்கள் அணிக்குக் கடைசியாக ஒரு கல் பாக்கி. எதிரணியின் கல் நடுவிலிருந்து ஒரு முழத்தில் நின்றது. அதைவிட நெருக்கமாக நிறுத்தினால் பதக்கம். தலைவி தள்ளினாள். கல் சரியான கோட்டில் வந்தது. மதினியும் இன்னொருத்தியும் தேய்த்துக்கொண்டே ஓடினார்கள். வட்டத்துக்குள் நுழைந்து கல் மெதுவானபோது மதினியின் ஷூ நுனி அதில் உரசியது. போனில் அது எங்களுக்குத் தெரியவில்லை. அங்கே நடுவரும் எதிரணியும் கவனிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லோரும் பார்த்தது அடுத்ததைத்தான். மதினி பிரஷ்ஷைக் கீழே போட்டாள். குனிந்தாள். ஓடிக்கொண்டிருந்த கல்லை வலது கையால் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

கல் நடுவில் போய் நின்றது. நடுவர் வந்தார். இவ்வளவு வெளிப்படையாகத் தவற்றை ஒப்புக்கொண்ட ஒருவரை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது, கைதட்டினார். எதிரணித் தலைவி மதினியைக் கட்டிக்கொண்டாள். பிறகு கல்லை எடுத்துவிடச் சொன்னாள்.

பதக்கம் எதிரணிக்குப் போனது.

"அவ எதுக்குக் கல்லத் தொட்டா?" என்றார் அண்ணாச்சி.

"கால் பட்டிருக்கும்," என்றார் லோடுமேன். "பட்டா தொட்டுக் கும்புடாம?"

அண்ணாச்சியும் காலையிலிருந்து இரண்டு முறை தராசைக் கும்பிட்டவர்தான்.

தென்காசி ரயில் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். கையில் பூமாலை, முன்பே சொல்லிவைத்தது. ரத்து செய்ய முடியவில்லை. தலைவி வழியெல்லாம் மதினியோடு பேசவில்லை என்று மற்ற இருவரும் என் காதில் சொன்னார்கள். மதினி நேரே என்னிடம் வந்தாள்.

"கால் படக்கூடாதுன்னு எழுதியிருந்திய. பட்டா கும்புடக் கூடாதுன்னு அந்தத் தாள்ல இல்லையே சார்."

இல்லைதான்.

"நானா இருந்தா கும்புட்டிருக்க மாட்டேன்," என்றாள் தலைவி, ரயில் ஏறிய பிறகு முதல்முறையாக. சொல்லிக்கொண்டே திரும்பியவளின் கால் மதினியின் பையில் இடித்தது. சட்டென்று குனிந்து பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நிமிர்ந்தபோது மதினி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அதற்குப் பிறகு தலைவியாலும் கோபத்தைத் தொடர முடியவில்லை.

போலீஸ் வேலை கிடைக்கவில்லை. அந்த ஆண்டோடு வயதும் முடிந்தது. இப்போது கமிஷன் கடையை அவள்தான் நடத்துகிறாள். ஏலத்தில் அவள் குரலுக்கு வியாபாரிகள் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கிறார்கள். அந்தப் பெயின்ட் டப்பாக் கல், காற்றில் கதவு அடிக்காமல் இருக்க வாசலில் முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது வாசலுக்குச் சற்று உள்ளே தள்ளி இருப்பதால் வருகிறவர்களில் பாதிப் பேர் அதில் இடித்துக்கொள்கிறார்கள். இடித்தவர்கள் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அவள் சொல்கிறாள்: "ஃபவுல்."

போன வாரம் எனக்கும் சொன்னாள்.