பெட்டிக்கு வெளியே நின்ற வார்த்தை

பெட்டி வரைந்து அதற்குள் எழுத்தை அடைக்கும் தொழிலில் இரண்டு விஷயம் நிச்சயம்: பெட்டி போதாது, எழுத்து அடங்காது. கம்ப்யூட்டரில் சார்ட் போட்டுப் பழகியவர்கள் இதைப் படித்ததும் ஒரு பெருமூச்சு விடுவீர்கள். விடுங்கள், நானும் சேர்ந்து விடுகிறேன்.

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என்னுடையது. யாருக்குக் கீழே யார், எந்த வேலைக்கு அடுத்து எந்த வேலை, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று பட்டறைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கட்டம் கட்டி, அம்பு விட்டுக் கொடுப்பேன். கட்டம் என்றதும் ஜாதகம் கணிக்கிறவன் என்று நினைத்துப் பெண்ணின் பிறந்த நேரத்தோடு வந்தவர்கள் உண்டு. அவர்களைக்கூடச் சமாளித்துவிட்டேன். காஜா பாயின் சார்ட்டைச் சமாளித்த கதைதான் இது.

சின்னப் பெயர், பெரிய முதலாளி

காஜா பாய் ஆட்டுத்தோலில் கைப்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, திங்கட்கிழமை பட்டறையைச் சோதிக்க ஆள் அனுப்புவதாக இருந்தார். சோதனையில் தேறாவிட்டால் ஆர்டர் அம்பர்நாத்தில் இருக்கும் இன்னொரு பட்டறைக்குப் போய்விடும். போனால் மாடியில் இருக்கும் மெஷின்களை மூட வேண்டும், தைப்பவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். தேறுவதற்கு வேண்டியவற்றில் ஒன்று, வேலையாட்களின் மொழியில் சுவரில் ஒரு சார்ட். மேலே யார் யார், நடுவே வேலை எப்படி நகர்கிறது, கீழே எதைச் செய்யக் கூடாது. மூன்றும் தமிழில்.

எங்கள் மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்து நீண்டால் பெட்டி தானாக உப்பும், எழுத்து குறைந்தால் சுருங்கும். ‘காஜா, ஓனர்’ என்று அடித்தேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி வந்தது. அதன் கீழே ‘சோலைமலை இசக்கிமுத்துப் பாண்டியன், மேஸ்திரி’ என்று அடித்தேன். அது ரயில் பெட்டி மாதிரி நீண்டது. பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

உடனே உப்புவதை நிறுத்தினேன். பாயின் பெட்டிக்கு இரட்டை அளவு, மற்ற எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு. பெட்டியை மீறும் எழுத்தை மறைத்துவிடு என்று ஓரத்தில் ஒரு டிக்கும் போட்டேன். அந்த டிக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் வைத்துக்கொள்ளவில்லை. பாய்க்குக் கோபம் அப்போதும் ஆறவில்லை.

“பேரு நீளமா இருந்தாத்தான் மொதலாளின்னு தெரிஞ்சிருந்தா, எங்க வாப்பா எனக்கு காஜான்னு வச்சிருப்பாராவே?”

ரெண்டு பக்கமும் ஆமா

நடுவில் ஒரு வைர வடிவக் கட்டம் வரும். கேள்வி கேட்கும் கட்டம் அதுதான். அதிலிருந்து ‘ஆமாம்’ என்று ஓர் அம்பும் ‘இல்லை’ என்று ஓர் அம்பும் கிளம்பும். வைரம் பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே எழுத்து வைக்கிற இடம் எலுமிச்சம்பழ அளவுதான். ‘தையல் சரியாக இருக்கிறதா?’ என்பதை வெட்டி வெட்டி ‘சரியா?’ என்று கொண்டுவந்து நிறுத்தினேன். ஆமாம் என்றால் பேக்கிங், இல்லை என்றால் மறுபடி தையல்.

பாய்க்கு ‘இல்லை’ பிடிக்கவில்லை. தன் பட்டறைச் சுவரில் அந்தச் சொல் ஏறினால் அபசகுனம் என்றார். அதை எடுத்துவிட்டால் தப்பான தையலும் பேக்கிங்குக்குப் போய்விடுமே என்று அவருக்குப் புரியவைக்க, கடை வாசலில் நின்று ஒரு முழு கட்டிங் சாயா, அதாவது அரை கிளாஸ் டீ, குடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் ‘இல்லை’ இருந்த இடத்தில் ‘கொஞ்சம் பார்க்கணும்’ என்று போட்டுச் சமாதானம் ஆனோம். அதற்கு முன்னால் அவர் சொன்ன யோசனை இது.

“ரெண்டு பக்கமும் ஆமான்னே போட்டுரும். வாரவன் மொதல்ல இல்லைன்னு படிச்சா, ஆர்டரும் இல்லைன்னுட்டுப் போயிருவான்.”

கொம்பும் காலும்

எழுத வேண்டிய வாசகங்கள் பையரின் ஆபீஸிலிருந்து வந்தன, மேஸ்திரி இசக்கி அவற்றைப் படித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே எனக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார். அந்தப் பட்டறையில் தமிழைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பையன்கள் தமிழில் பேசுவார்கள், இந்தியில் படிப்பார்கள். பாய் இரண்டையும் யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார். ஆகவே தமிழ் விஷயத்தில் இசக்கி வைத்ததுதான் சட்டம், அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அனுப்பியதை அப்படியே எடுத்துப் பெட்டிக்குள் ஒட்டினேன். ‘தோல்’ என்ற சொல் உடைந்து, கொம்பு ஒரு மூலையில், கால் ஒரு மூலையில், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முழித்துக்கொண்டிருந்தது. தமிழில் சார்ட் போட்ட எந்த ஜீவனுக்கும் இந்த வட்டத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நான் நாள் முழுக்க ஃபாண்ட் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் கொம்பும் காலும் ஒழுங்காக ஒட்டுகிற ஒன்று கிடைத்தது. கொஞ்சம் குண்டு எழுத்து, இடத்தை அடைக்கும். பரவாயில்லை என்று விட்டேன். உடைந்த சார்ட்டை முதலில் பார்த்தபோது இசக்கி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

“தோலுன்னு போடச் சொன்னா, கொம்பு தனி காலு தனியா ஆட்டையே கூறு போட்டு வச்சிருக்கீரே அண்ணாச்சி!”

வும்

சனிக்கிழமை சார்ட் சுவரில் ஏறியது. ஒட்டியதும் பாய் போன் செய்து, தன் பெட்டி தூரத்திலிருந்தே தெரிகிறது என்று சந்தோஷப்பட்டார். ஞாயிறு பைகளுக்குப் பக்கிள் வாங்க உல்லாஸ்நகர் போய்விட்டார். திங்கள் காலை, சோதிக்க வருகிற மேடத்துக்குச் சார்ட்டை விளக்க நானும் கூட நிற்க வேண்டும் என்று கூப்பிட்டார்.

உள்ளே நுழைந்ததும் தடுக்கி விழப் பார்த்தேன். நடைபாதை முழுக்கத் தோல் துண்டுகளை அழகாக மலை மலையாகக் குவித்திருந்தார்கள். பசை டப்பாக்கள் எல்லாம் மூடி இல்லாமல் வரிசையில் நின்றன, வாடை தலையைச் சுற்றியது. தீயணைப்பு சிலிண்டரைச் சுற்றிக் கோரைப்பாய் விரித்து நான்கைந்து பேர் உட்கார்ந்து மிகுந்த கவனத்தோடு வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்து ஆபத்துக் கதவில் பளபளவென்று ஒரு புதுப் பூட்டு. அந்தக் கதவுக்கு அதுநாள் வரை தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

சார்ட்டைப் பார்த்தேன். குண்டு எழுத்து இடத்தை அடைத்ததில் கீழே இருந்த நான்கு பெட்டியிலும் கடைசி வரி பிதுங்கியிருக்கிறது. பிதுங்கியதை என் டிக் மறைத்திருக்கிறது. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒரே சொல்தான்: வேண்டாம். ‘ஆபத்துக் கதவைப் பூட்ட’, ‘வழியில் துண்டுகளைக் குவிக்க’, ‘பசை டப்பாவைத் திறந்து வைக்க’, ‘சிலிண்டர் அருகே உட்கார்ந்து சாப்பிட’ என்று நான்கு வாக்கியங்கள் அந்தரத்தில் தொங்கின. தொங்க விடாமல் யாரோ மார்க்கரால் ஒவ்வொன்றின் வாலிலும் அழகான கையெழுத்தில் ‘வும்’ சேர்த்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, இசக்கி மார்க்கரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு பெருமையாகப் பக்கத்தில்தான் நின்றார்.

“நீரு ‘வும்’ போட மறந்துட்டீரு அண்ணாச்சி, நாந்தான் போட்டேன். பூட்டு கெடைக்கத்தான் கொஞ்சம் அலைச்சலாப் போச்சு.”

மேடம் எழுத்துக் கூட்டியது

எதையும் அள்ள நேரமில்லை. மேடம் வாசலுக்கு வந்துவிட்டார். மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், ஐரோலியில் ஆபீஸ். பாயின் முகத்தில் ரத்தமே இல்லை. மாடி மெஷின்களின் சத்தம் கீழே கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிடும் என்ற பயம் எனக்கே நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

மேடம் துண்டுகளைத் தாண்டி வந்து, சார்ட்டின் முன்னால் நின்று, “ஆ-பத்-துக் க-த-வைப் பூட்-ட-வும்” என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு கதவைப் பார்த்தார். பூட்டியிருந்தது. அடுத்த வரி, குவியல். அடுத்த வரி, திறந்த டப்பா. அடுத்த வரியைப் படித்துத் திரும்பியபோது, வடாபாவ் தின்றவர்களில் ஒருவர் மரியாதையாக அவருக்கும் ஒன்றை நீட்டினார். “ஏன் இப்படி?” என்று மேடம் கேட்டார். “சார்ட் மே லிக்கா ஹை மேடம்” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில், சார்ட்டில் எழுதியிருக்கிறதாம். நான் முன்னால் போய், டிக்கில் தொடங்கி ‘வும்’ வரைக்கும் ஒப்பித்தேன். நாலு மணிக்குத் திரும்பி வருகிறேன், அதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேறவில்லை என்றுதான் எழுதுவேன் என்றார் மேடம். படியிறங்கும்போது நின்றார்.

“எத்தனையோ கம்பெனி பார்த்தாச்சு. சுவர்ல போட்டதைப் படிச்சு அப்படியே செய்யறவாளை இங்கதான் பார்க்கறேன். அதான் பயமா இருக்கு.”

எழுத்துக்குத் தக்க பெட்டி

கடைக்கு ஓடினேன், பாயும் பின்னாலேயே ஓடி வந்தார். நான்கு பெட்டியை மட்டும் இழுத்தால் மற்றது நகர்ந்தது, அம்புகள் பின்னிக்கொண்டன. ஒரே வழி, எல்லாவற்றையும் பழையபடி எழுத்துக்குத் தக்க உப்ப விடுவது. விட்டேன். கீழே நான்கு ‘வேண்டாம்’களும் முழுசாக வந்து உட்கார்ந்தன. மேலே ‘காஜா, ஓனர்’ தீப்பெட்டியாகச் சுருங்கியது, இசக்கி ரயில் பெட்டியாக நீண்டார்.

பிரிண்ட் கொடுக்கும் பட்டன் மேல் கையை வைத்துக்கொண்டு பாயைப் பார்த்தேன். அவர் அந்தச் சின்னப் பெட்டியைத் திரையில் விரலால் அளந்து பார்த்தார். எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

“மேல எம் பொட்டி இல்லாட்டியும் போகட்டும்வே. கீழ அந்த ‘வேண்டாம்’ பட்டறை வாசல்ல நின்னாலும் தெரியணும். மொதல்ல அந்த இசக்கி கையில இருக்க மார்க்கரப் புடுங்கும்.”

நாலு மணிக்கு மேடம் வந்து, எழுத்துக் கூட்டிப் படித்து, கதவைத் தள்ளிப் பார்த்தார். அது திறந்தது, ஆர்டரும் கிடைத்தது, மாடியில் மெஷின்கள் இன்றைக்கும் ஓடுகின்றன. மார்க்கர் என் மேஜையில் இருக்கிறது, புதுப் பூட்டை பாய் எனக்கே கொடுத்துவிட்டார்.

இங்கிலீஷ்காரன் ‘நோ’வை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறான், நாமோ வாக்கியம் முழுக்க மரியாதையாகப் பேசி முடித்துவிட்டுத்தான் ‘வேண்டாம்’ என்கிறோம், அதற்குள் பெட்டி முடிந்துவிடுகிறது.