லொரெய்ன் போட்ட வழி

லட்லோவில் எங்கள் தெருவில் இருக்கும் லொரெய்ன் ப்ரீஸ் கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடிக்கிற நாயையும் கத்துகிற சொந்தக்காரரையும் ஒரே குரலில் அடக்கிவிடுவாள். அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசைதான். வருஷா வருஷம் மே மாதம், ஊர் விட்டு ஊர் ஒரு வாரம் நடப்பது. குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்து கிடக்கும். எந்தக் குன்று, எந்தக் காடு, எந்தக் கோட்டை ஊரில் ராத் தங்கல், எல்லாம் அவள் முடிவு. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலத்தைக் கழித்த அவள் கணவன் கிளைவ், பின்னால் நடந்து போவதோடு சரி.

போன வருஷம் பிப்ரவரியில் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். கார் ஓட்டலாம், கடைக்குப் போய் வரலாம், ஆனால் அந்த வருஷம் மலை ஏறக் கூடாது என்றார் மருத்துவர். அதற்குள் மே மாதத்துக்குத் தங்கும் அறைகள் பாதி பேசி முடித்தாயிற்று.

"நீயும் ராஸும் போயிட்டு வாங்களேன்" என்றாள் கிளைவிடம். ராஸ் பக்கத்து வீட்டுக்காரி. கணவனை இழந்து இங்கே குடிவந்தவள், குளிரிலும் ஆற்றில் நீந்துகிறவள்.

"நல்ல யோசனை! அவ சந்தோஷப்படுவா" என்றான் கிளைவ்.

"ஒரு பேச்சுக்குக்கூட 'நீ இல்லாம எப்படி'ன்னு கேக்கல" என்று லொரெய்ன் பிறகு என்னிடம் பொருமினாள். "ரொட்டில வெண்ணெய் தடவிக்கிட்டே சரின்னுட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஸ் எலுமிச்சை கேக்கோடு வந்தாள். வரைபடத்தின் மேல் கிளைவின் தலையும் அவள் தலையும் முட்டாத குறை.

"இந்த ஹே ஊர்ல ரெண்டு நாள் தங்கலாமா? ஊரு முழுக்கப் பழைய புத்தகக் கடையாமே!"

ஹேயை லொரெய்ன் தங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கென்று வைத்திருந்தாள். கிளைவ் அதை மறந்தே போயிருந்தான். "தங்கினா போச்சு!" என்றான்.

லொரெய்னுக்கு வயிறு பற்றி எரிந்தது. முகம் மட்டும் சிரித்தது. "நீங்க எதுக்குக் கஷ்டப்படணும், நானே எல்லாம் பாத்துக்கறேன். உங்க பையையும் கார்ல ஊருக்கு ஊர் கொண்டு வந்து தரேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டாள். பிஷப்ஸ் காசில் ஊரில் கிளைவுக்குத் தெருவின் அடிவாரத்து பப்பில் அறை. ராஸுக்கு அந்தச் செங்குத்துத் தெருவின் உச்சியில், ஒரு கிழவியின் மாடியில். நைட்டனிலிருந்து கிங்டன் போகும் நாளுக்கு, எல்லோரும் போகும் பழைய மண்கரைப் பாதையை விட்டுவிட்டு, மேட்டுநிலச் சதுப்பின் குறுக்கே கோடு இழுத்தாள். "இதான் அழகான வழி" என்றாள். மழைக்குப் பின் அங்கே செம்மறியாடுகூடத் தயங்கும். ராஸ் அதில் ஒரு தடவை விழுந்து எழுந்தால் போதும், பஸ் பிடித்து வீடு வந்துவிடுவாள் என்பது கணக்கு.

மே மாதம் புறப்பட்டார்கள். சாயங்காலமானால் லொரெய்ன் அடுத்த ஊரின் எல்லையில் காரை நிறுத்திவிட்டு, ஃபிளாஸ்க் தேநீரோடு உட்கார்ந்திருப்பாள். க்ளன் ஊரில் பாலத்துக்கு அந்தப்புறம் முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகுதான் ஆட்கள். முழங்கால் வரை சேறு. ராஸின் தலையில் லொரெய்ன் பின்னிக் கொடுத்த கிளைவின் கம்பளித் தொப்பி.

"காத்து காதைப் பிச்சுருச்சு லொர், அதான் கழட்டிக் குடுத்துட்டான், பாவம்" என்றாள் ராஸ்.

"நல்லா இருக்கு உனக்கு" என்றாள் லொரெய்ன்.

கிங்டன் நாளில் மழை விட்டிருந்தது, சதுப்பு நிரம்பியிருந்தது. மதியம் தொலைபேசி அடித்தது. ஏதோ பண்ணை வாசலில் இருப்பதாக ராஸ் வழி சொன்னாள். லொரெய்ன் அங்கே போனபோது கிளைவ் பால் கேன் மேல் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை. முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. ராஸ் மீதி வழியை நடந்தே போயிருந்தாள்.

காரில் கிளைவ் கேட்டான்: "இந்த வழியில எவன் போவான்? நீயா போட்ட?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

அவள் கியரை மாற்றினாள்.

"அடிப்பாவி! தொடை வரைக்கும் உள்ள போயிட்டேன். அவ என்னைக் கையப் புடிச்சு இழுத்துப் போட்டா, தெரியுமா? அவ ஆடு மாதிரித் தாண்டிட்டா."

"கையப் புடிச்சாளாக்கும்."

"வேற எதைப் புடிச்சு இழுப்பா, காதையா? அவ பேசறது பூரா செத்துப்போன புருஷனப் பத்தி. எனக்குக் காது வலிக்குது, லொர்!"

இதைக் கேட்டு லொரெய்ன் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். கணவன் பக்கத்து இருக்கையில், பண்ணையில் கொடுத்த, ஐஸாய் உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்காலில் வைத்தபடி, முழுக்க அவளுக்கே திரும்பி வந்துவிட்டான். மறுநாள் காலை கிங்டனில் ராஸ் தனியாகவே ஹேக்குக் கிளம்பினாள். "நீ போட்ட வழி, லொர். பாதியில விட மனசில்ல" என்று கையாட்டிவிட்டு ஹெர்கெஸ்ட் குன்றின் புல்சரிவில் ஏறினாள். மேலே குட்டிக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. ராஸின் சிவப்புச் சட்டை சின்னதாகி, சின்னதாகி, வானத்து விளிம்பில் ஒரு நொடி நின்றுவிட்டு மறைந்தது.

லொரெய்ன் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னும் என்ன கண்ணு? நான்தான் உன்கூட இருக்கேனே" என்றான் கிளைவ்.

"உன்னப் பத்தி இல்ல, கிளைவ். அது நான் நடக்க வேண்டிய வழி."

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் கொஞ்சம் வருத்தப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். தன்னை நினைத்துப் பொறாமைப்பட ஒருத்தி இருக்கிறாள் என்ற பெருமை அவனுக்கு நாலு நாள்கூட நிலைக்கவில்லை.

வேண்டுமென்றே சதுப்பில் வழி போட்ட கதையை லொரெய்ன் ஹேயிலேயே ராஸிடம் சொல்லிவிட்டாள். ராஸ் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "இந்த ரெண்டு வருஷத்துல என் வீட்டுக்காரரை நினைக்காம இருந்தது அந்த ஒரு மணி நேரந்தான். பூட்ஸைக் காப்பாத்தவே சரியாப்போச்சு" என்றாள்.

செப்டம்பரில் மருத்துவர் சமதரையில் நடக்கலாம் என்றார். லொரெய்னும் ராஸும் டீம் ஆற்றங்கரையில் ஒரு நாள் புறப்பட்டார்கள். கிளைவ் வரவில்லை, முழங்காலைக் காரணம் சொன்னான். வேலியைத் தாண்டும் முதல் மரப்படி வருவதற்குள்ளேயே லொரெய்னுக்கு மூச்சு வாங்கியது. ராஸ் பூவைப் பார்ப்பதுபோல் குனிந்தாள், மறுபடி குனிந்தாள்.

"எனக்காக மெதுவா நடக்காத" என்றாள் லொரெய்ன். "எனக்கு உன்மேல இருக்கற எரிச்சலே போதும்."

"சரி" என்று சொல்லிவிட்டு ராஸ் விறுவிறுவென்று போய்விட்டாள். லொரெய்ன் அவளைத் திட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள்.