ஆவன்னா அக்காவும் ஆனந்தமும்

எங்கள் அகராதி அலுவலகத்தில் யார் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதுவே அவருக்குப் பட்டம். நான் ஈனா. எதிர் மேசையில் ஆவன்னா அக்கா. வீட்டில் அவளுக்கு இன்னொரு பட்டமும் உண்டு: 'அகராதி பிடிச்சவ'. சூட்டியவர் அவள் கணவர், தையல்காரர். அளவெடுத்துத் தைத்த பட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

'ஆனந்தம்' என்ற சொல்லின் பூர்வீகத்தையே அக்கா தோண்டி எடுத்துவிட்டாள். வடமொழி வேர் 'நந்த்', அதாவது மகிழ்வது. முன்னால் 'ஆ' சேர்ந்தால் நாலா பக்கமும் நிரம்பிய மகிழ்ச்சி. "அங்க இது ஆண்பால்டி. இங்க வந்ததும் ஒரு 'ம்' போட்டு அஃறிணையாக்கி உட்கார வச்சுட்டோம். கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்பாள்.

சிக்கல் உதாரண வாக்கியத்தில் வந்தது. எங்கள் வழக்கப்படி அதை நாங்களே எழுதக் கூடாது. யாராவது தானாகச் சொல்லி எங்கள் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சொல்லுக்குப் பக்கத்தில் 'பேச்சில் இல்லை' என்று முத்திரை விழும். ஆனந்தத்துக்கு அந்தக் கதியா என்று அக்கா தவித்துப்போனாள். அவளுக்கு உயிரான சொல் அது.

ஊரையே மகிழ்விக்கக் கிளம்பினாள். எனக்குக் கேக் வாங்கித் தந்தாள். "சூப்பர்க்கா" என்றேன், முறைத்தாள். தங்கைக்குத் தன் புதுக் கைப்பையைத் தூக்கிக் கொடுத்தாள். "நெஜமாவா?" என்றதோடு சரி. வேலை முடிந்துவிட்டது என்று எங்கள் தலைமைப் பதிப்பாசிரியரிடம் புளுகினாள். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார் அவர்.

"பக்கத்துல வந்து கோட்டை விட்டுட்டாருடி!"

அச்சகம் வெளியூரில். கடைசித் திருத்தத்துக்கு அவள்தான் ஒரு வாரம் போயாக வேண்டும். கிளம்பும்போது வாசலில் செருப்பைக் கையில் எடுத்தவளுக்கு, முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து கணவர் போனில் பேசுவது கேட்டது.

"ஒரு வாரம் வீட்ல நான் மட்டும்தான்டா! ஆனந்தம்டா, ஆனந்தம்!"

பஸ்ஸிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "கட்டிப் பிடிக்கிறதா, கையில இருந்த செருப்பாலயே ஒண்ணு போடுறதான்னு தெரியலடி." சிரித்தாள்தான். ஆனால் வலித்திருக்கிறது, குரலே சொன்னது. இருந்தாலும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அதை அச்சில் சேர்த்துவிட்டாள்.

திரும்பி வந்ததும் அச்சான பக்கத்தை மெஷின் மேல் விரித்து வைத்தாளாம். தையல்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாரும் படிப்பாங்களா?"

"உலகமே படிக்கும்."

"அது நீ கிளம்பின அன்னிக்குச் சொன்னதுடி." அவர் மெஷின் சக்கரத்தைச் சும்மா உருட்டினார். "ரெண்டு நாள்லயே வீடு வீடா இல்ல. பேச்சுச் சத்தம் வேணும்னு ரேடியோவை அணைக்காமலே தூங்கினேன். அதையும் சேர்த்துப் போடு."

"போட முடியாதுங்க. அதுல ஆனந்தம்ங்கிற சொல்லே இல்லையே" என்று கறாராகச் சொன்னவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.