‘ஹோம் ஆஃப்’ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தமில்லை

1. முதல் நாள்

செகண்ட் ஃபயர்மேனாக லைனில் ஏறிய முதல் நாளே, ஓடுகிற எஞ்சினிலிருந்து வீட்டுக்குக் கிளம்பியவன் நான். ரயில்வேயில் இந்தப் பெருமை வேறு யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

அதுவரை ஷெட்டில் கிளீனர் வேலை. எஞ்சின் என்பது நின்றுகொண்டே இருக்கும், நாம் துடைத்துக்கொண்டே இருப்போம். அன்றைக்கு விழுப்புரத்திலிருந்து காட்பாடி போகும் மீட்டர்கேஜ் பாசஞ்சர். டிரைவர் கோவிந்தசாமி. அவர் வாயைத் திறந்தால் எஞ்சினுக்கு விசில் தேவையில்லை. திருவண்ணாமலை நெருங்க, மலை தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று கரிக்கையைத் தூக்கிய நேரம் அவர் கத்தினார்: “ஹோம் ஆஃப்!”

என் வீடு திருவண்ணாமலையில். ஹோம் என்றால் வீடு, ஆஃப் என்றால் லீவு. காலையிலிருந்து நான் கரி அள்ளிய லட்சணத்தைப் பார்த்துவிட்டு, போதும் போய்த் தொலை என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ட்ரெய்னிங்கில் சொல்லித்தான் இருப்பார்கள். நான்தான் தூங்கியிருப்பேன். டிஃபன் கேரியரைக் கையில் எடுத்தேன்.

“எங்கடா கெளம்பிட்ட?”

“நீங்கதாண்ணே வீட்டுக்குப் போகச் சொன்னீங்க.”

ஃபர்ஸ்ட் ஃபயர்மேன் சிரித்த சிரிப்பில் கரி வாரும் சவல் கைநழுவிக் கீழே விழுந்தது. டிரைவர் சிரிக்கவில்லை.

“டேய், ஹோமுன்னா ஸ்டேஷனுக்கு வெளிய நிக்குது பாரு கைகாட்டி, அது. கை எறங்கியிருந்தா ஆஃப், போலாம்னு அர்த்தம். நீட்டிக்கினு இருந்தா ஆன், நிக்கணும். நான் சொன்னா நீயும் பாத்துட்டுத் திருப்பிச் சொல்லணும். ஒருத்தன் சொன்னா அது அவன் கண்ணு. ரெண்டு பேரு சொன்னாத்தான்டா சிக்னல். பாக்காம சொன்னே, கரியோட கரியா உன்னையும் உள்ள தள்ளிடுவேன்.”

எட்டிப் பார்த்தேன். கை இறங்கியிருந்தது. “ஹோம் ஆஃப்!” என்று கத்தினேன். வெளியே வந்தது பாதிதான். மீதி பயத்தில் உள்ளேயே தங்கிவிட்டது.

2. வீட்டில் சிக்னல்

ஸ்டீம் போய் டீசல் வந்தது, டீசல் போய் கரண்ட் வந்தது. ஃபயர்மேனாக இருந்தவன் அசிஸ்டெண்ட் ஆனேன், அசிஸ்டெண்டாக இருந்தவன் டிரைவர் ஆனேன். சிக்னலைச் சொல்வதும் அதைத் திருப்பிச் சொல்வதும் மட்டும் மாறவில்லை. பணிக்காலம் முழுக்க அப்படிக் கத்தினால் வாய் சும்மா இருக்குமா? வீட்டுக்கும் வந்துவிட்டது.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் எங்கள் வீடு ஒரு வளைவில் இருக்கிறது. ஸ்கூட்டரை வாசலுக்கு இறக்கினால் வலது பக்கம் வருகிற வண்டி தெரியாது. என் மனைவி சரோஜா தெருவில் நின்று பார்த்து, “ரோடு ஆஃப்!” என்பாள். நானும் எட்டிப் பார்த்து, “ரோடு ஆஃப்!” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். குக்கர் இறங்கினால் “சோறு ஆஃப்!” அவள் கோபமாக இருக்கும் நாளில் நான் சமையல்கட்டு வாசலில் நின்று, “ஹோம் ஆன்” என்று எனக்கே சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவேன்.

எதிர்வீட்டு வாத்தியார் குடிவந்த புதிதில் ஒருநாள் பதறிப்போய் வெளியே வந்தார். “இன்னா சார், ரோடு ஆஃபா? பவுர்ணமி கிரிவலத்துக்கு இப்பவே பிளாக் பண்ணிட்டாங்களா?”

ஊரெல்லாம் ஆஃப் என்றால் நிறுத்துவது. எங்கள் வீட்டில் மட்டும் ஆஃப் என்றால் கிளம்புவது. இரண்டு பேர் மட்டுமே பேசிய பாஷை அது.

சரோஜா கண்ணை மூடிய பிறகு அந்தப் பாஷை தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். ஆனாலும் வாய் நிற்கவில்லை. “சோறு ஆஃப்!” என்பேன். குக்கர் மட்டும் உஸ்ஸென்று பெருமூச்சு விடும். பதில் வராத வீட்டில் உரக்கப் பேசினால், பேசிய வார்த்தை போக இடமில்லாமல் நம் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. டிவியைப் போட்டால் எழுந்துபோகும் என்று பார்த்தேன். போகவில்லை.

பெங்களூரிலிருந்து வந்த மகன் இதைக் கேட்டுவிட்டான்.

“அப்பா, யாருகிட்ட பேசிக்கினு இருக்கீங்க?”

“யாருகிட்டயும் இல்லடா. சிக்னல்.”

அவன் முகத்தைப் பார்த்தேன். சிரித்திருந்தால் பரவாயில்லை. பயந்துபோயிருந்தான். “இத விட்டுடுங்கப்பா. இல்லன்னா எங்கூட வந்துடுங்க. தனியா வுட்டுட்டுப் போக மனசு வரல.”

விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கே விடுவது? பழைய சாமானை மியூசியத்தில்தானே விடுவார்கள்.

3. மியூசியத்தில்

காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடும் தூரத்தில், ரயில் மியூசியம் ஒன்று இருக்கிறது. பழைய ஸ்டீம் எஞ்சின் ஒன்றைப் பழுது பார்த்து, சின்னதாக ஒரு லைன் போட்டு, அடுத்த முனைவரை ஓட்டிக் காட்டுகிறார்கள். கைகாட்டிகள்கூட நிஜமாகவே ஏறி இறங்குகின்றன. அங்கே கடைசியாக ஒரு தடவை கத்திவிட்டு வந்துவிடுவது என்று முடிவு.

டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்: “எத்தன பேருங்க?”

“ஒருத்தன்.”

“பேரப்பசங்க பின்னாடி வராங்களா?”

“இல்லம்மா. நானேதான் பேரப்பையன்.”

சிரித்துக்கொண்டே கொடுத்தாள். சிரிக்க வைத்துவிட்டால் அடுத்த கேள்வி வராது. பல நாளாக நான் நடத்துகிற வித்தை இது.

உள்ளே எஞ்சின் கேபின் ஒன்றை அப்படியே வைத்து, சவலோடு ஃபயர்மேன் பொம்மை ஒன்றையும் நிறுத்தியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் காலத்தில் அவ்வளவு வெள்ளையாக லீவில் இருந்தவன்கூட இருந்ததில்லை. சுற்றி யாரும் இல்லை. பொம்மை பக்கத்தில் நின்று மெதுவாக, “ஹோம் ஆஃப்” என்றேன். பதில் இல்லை. “உனக்கும் முதல் நாளாப்பா?” என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

ரயிலில் ஏறினேன். பெட்டியில் இடதுபக்க ஜன்னல் கிடைத்தது. எஞ்சின் இழுத்ததும், கரிப்புகை மூக்கில் ஏறியதும், வாக்குக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது. தூரத்தில் கைகாட்டி. கை இறங்கியிருந்தது. இதுதான் கடைசி என்று வயிற்றிலிருந்து கத்தினேன்: “ஹோம் ஆஃப்!”

பெட்டியே திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. எங்கே ஒளிந்துகொள்வது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்வரிசையில் இருந்த ஓர் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். நேராக என் ஜன்னலுக்கு வந்து, என் தலைக்கு மேலே குனிந்து வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்:

“ஹோம் ஆஃப்!”

பக்கத்தில் இருந்த மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள். “அத்த! இன்னா அத்த இது, எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும்டி. பாத்தாத்தானே சிக்னல்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கரிப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம். ஸ்டீம் எஞ்சினில் இது ஒரு சௌகரியம்.

“உங்க வீட்டுக்காரரு?” என்று கேட்டேன்.

“டிரைவருங்க. ஜோலார்பேட்டை. அவரு போய் மூணு வருஷம் ஆவுது.”

“அப்ப பிராட்கேஜு. நாங்க மீட்டர்கேஜு. உங்காளுங்க எங்கள மதிக்கவே மாட்டாங்க.”

“இப்ப மட்டும் மதிச்சிட்டமாக்கும்?” என்று சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வூட்ல அவரு எதுக்கெடுத்தாலும் கத்துவாரு, நான் திருப்பிச் சொல்லுவேன். உங்களுக்கு இன்னா, நெனச்சா கத்திக்கலாம். நான் இன்னா பண்றது? பதில மட்டும் வச்சிக்கினு குந்திக்கினு இருக்கேன்.”

அதுவரை இந்த உலகத்தில் பதில் கிடைக்காதவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். கேள்வியே கிடைக்காதவர்கள் இருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

திரும்பும்போது கைகாட்டி அவர் பக்கத்து ஜன்னலில் வந்தது. என் பக்கத்திலிருந்து தெரியாது. “நீங்க சொல்லுங்கம்மா” என்றேன். பழக்கமில்லாத வேலை. முதல் தடவை சத்தமே வரவில்லை. இரண்டாவது தடவை சொன்னார்: “ஹோம் ஆஃப்!”

பார்க்காமல் திருப்பிச் சொல்லக்கூடாது. எழுந்தேன். இரண்டு பேர் காலை மிதித்து, ஒருவருடைய முறுக்குப் பொட்டலத்தைத் தட்டிவிட்டு, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன். முன்பு அழுத குழந்தையும் கூடவே சொன்னது. இறங்கியதும் அந்த அம்மா மருமகளோடு போய்விட்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

4. இப்போது

மகனிடம் போனில் சொல்லிவிட்டேன்: “மியூசியத்துல வாங்கிக்க மாட்டேன்ட்டாங்கடா. இன்னும் ஓட்டத்துல இருக்குதாம்.” அவன் சிரித்தான்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பதில் வரவில்லை என்று சிக்னல் சொல்வதை நிறுத்திவிடாதீர்கள். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது எங்கேயாவது உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் நம் வீட்டில் இருக்கமாட்டார்கள். அது வேறு விஷயம்.

இன்று காலையும் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினேன். தெருவில் சரோஜா நிற்கும் இடத்துக்குப் போய் நின்று, வலது பக்கம் பார்த்து, “ரோடு ஆஃப்!” என்றேன். திரும்பி வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்து, என் பங்குக்கு எட்டிப் பார்த்து, “ரோடு ஆஃப்!” என்றேன். இரண்டு பேர் சொல்லியாகிவிட்டது. கிளம்பினேன்.